விரலுக்குத் தேங்காய் எண்ணெய்

1961 ஜூன் 12, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. நேற்று துவைத்த புடவை இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டு. தென்காசி பஸ்ஸில் நிற்க இடமில்லை, எல்லாம் அருவிக்கு வந்துவிட்டுத் திரும்பும் கூட்டம். பக்கத்தில் ஒருவர் தலை முழுக்க எண்ணெயோடு என் தோளில் சாய்ந்தே தூங்கினார். குடைக் காம்பால் ஒரு குத்து. முழித்து, "மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றார். இவருக்கும் நான் டீச்சர். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

வாங்க வேண்டியவை: சீயக்காய். நீல மை. மண்ணெண்ணெய் (என் கிட்டார் கம்பியில் துரு துடைக்க). குடைக்கு ஒரு கம்பி.

சாப்பிடும்போது தம்பி மெல்ல இழுத்தான். "எக்கா, ஜாய்ஸு கிட்டார் கத்துக்கிடணும்னு ஆசைப்படுதா. செப்டம்பர்ல ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கோயில்ல வாசிக்கணுமாம்."

அவள் தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். வெட்கமாம். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த வாரமே சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போனது, நான்தான் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே. அடுத்து என் கிட்டாரா?

"அதுக்கென்ன, தாராளமா" என்றேன். ஜாய்ஸ், இனி ஜா. முழுப் பெயர் எழுத மை வீண்.

ஜூன் 14, புதன்

மழை விட்டு விட்டு. எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் நனைந்த கோழிகள்.

காலையில் அடுக்களையில் பார்த்தது. ஜா. கொதிக்கிற இட்லிச் சட்டியை வெறும் கையால் இறக்கினாள். "சுடலியா?" என்றேன்.

"பீடி சுத்தின கை மதினி. தீயை வச்சாலும் தெரியாது." விரல்களை விரித்துக் காட்டினாள். என்ன பெருமை! அப்பன் ஆலங்குளத்தில் பீடிக் கம்பெனி ஏஜண்டு. மகளும் பத்து வயதிலிருந்து மடியில் சுளகை (இலையும் தூளும் வைக்கிற முறம்) வைத்துக்கொண்டு சுற்றியவள். தம்பிக்கு டவுனில் எத்தனை பெண் பார்த்தேன். புகையிலை வாசம்தான் பிடித்திருக்கிறது அவனுக்கு.

ஆனால் அந்த விரல் நுனிகள். தொட்டுப் பார்த்தேன். காய்த்து, செருப்புத் தோல் மாதிரி. எனக்கு இடது கையில் இந்தக் காய்ப்பு வர ஒரு வருஷம் ஆனது. ஸ்கூலை விட்டு ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, பாடம் சொல்லிக் கொடுத்து, கிளம்பும்போது கிட்டாரையும் கையில் கொடுத்துவிட்டு, "விரல் கல்லாகட்டும், பிறகு பாட்டு வரும்" என்று சொல்லிப் போனார். அழுது அழுது கல்லாக்கினேன். இவள் அதைச் சீதனமாகவே கொண்டு வந்திருக்கிறாள்.

இந்த விரலோடு உட்கார்ந்தால் செப்டம்பருக்குள் வாசித்துவிடுவாள். நிச்சயம்.

எனக்கு என்ன இருக்கிறது? தெளிவாக எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். வீடு தம்பியுடையது. சாவி அவளுடையது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கோயிலில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி, ஞாயிறுதோறும் அதில் கிட்டாரோடு நான். அதில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் 'பாவம், அந்த லில்லி' என்று யாரும் சொல்வதில்லை. அதை விட மாட்டேன்.

ஜூன் 17, சனி

முதல் பாடம். முன்கூட்டியே இரண்டு ஏற்பாடுகள்.

முதலாவது. கம்பிகளை அடியில் தாங்க ஒரு எலும்புத் துண்டு உண்டு. என்னிடம் இரண்டு. குட்டை சாரல் காலத்துக்கு. மரம் ஊறிக் கம்பி தூக்கிக்கொள்ளும், அதைச் சரிக்கட்ட. நெட்டை கோடைக்கு. நெட்டையை மாட்டிவிட்டேன். இப்போது கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டெலி ஓடலாம். அமுக்க ஆம்பிளைப் பலம் வேண்டும்.

இரண்டாவது, விரல். "பீடி சுத்தின கையால தொட்டா கம்பி போயிரும் ஜாய்ஸு. மொதல்ல விரல் பட்டு மாதிரி ஆகணும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்ச்சுட்டுப் படு. காலையில அருவிக்குப் போய் கையை நல்லா ஊற வை. ஊறின கையோட வந்து ஒரு மணி நேரம் வாசி. தினமும். ஒரு நாளும் விடக்கூடாது."

கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் உண்மை. ஊறின விரல் இரும்புக் கம்பியில் பட்டால் தக்காளிதான்.

எண்ணெயும் நானே கொடுத்தேன். இருமல் மருந்து வந்த குப்பி, சின்னது, உருண்டை, விரல் நீளம். கழுவி நிரப்பி, மூடி போட்டு, அன்பளிப்பு.

பாடம்: எஃப் கார்டு என்கிற சுரக்கட்டு. ஒரே விரலால் ஆறு கம்பியையும் படுக்க வைத்து அமுக்க வேண்டும். மிஸ்ஸியம்மா இதை எனக்குக் கடைசியாகத்தான் காட்டினார். இவளுக்கு இதுதான் அ, ஆ. "எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் டொக், டொக். ஒரு சுரம் இல்லை. பலாச்சுளை தின்றுகொண்டே கேட்டேன். இனிப்பாக இருந்தது, இரண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

நேற்றே குட்டை எலும்பை மாட்டிவிட்டேன். இன்று ஆராதனை முடிந்து வந்ததும் திரும்ப நெட்டை. வாராவாரம் இந்த வேலை. பரவாயில்லை.

நன்றாக வாசித்தேன். ஜா. ஜெபத்தில்கூடக் கண்ணை மூடவில்லை, என் இடது கையையே பார்த்துக்கொண்டு. பார்க்கட்டும்.

கோயில் வாசலில் காதில் விழுந்தது: "தம்பி பொஞ்சாதிக்குக் கிட்டார் சொல்லிக் குடுக்காளாம்லா! நாத்தனார்னா இப்பிடில்லா இருக்கணும்."

போதகர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரம்பிக்கிறவங்களை உற்சாகப்படுத்துறதும் ஒரு ஊழியம் டீச்சர்." தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் எனக்கு நன்றாக வரும்.

ஜூலை 3, திங்கள்

அருவியில் நல்ல தண்ணி. கடைத்தெருவில் குரங்கு ஒன்று ஒரு அம்மாளின் சவுரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜா.வின் விரல்கள் மாறிவிட்டன. வெளுத்து, சுருங்கி, மெத்தென்று. சுட்டுவிரலில் கொப்புளம். இட்லிச் சட்டிக்குத் துணி தேடுகிறாள்.

ஆனால் விடமாட்டேன் என்கிறாள். ஈரத் தலையோடு வருகிறாள், உட்காருகிறாள். தகரக் கூரையில் கோழி நடக்கிற சத்தம். தம்பி காதில் தலையணை.

"சலிக்கலியா உனக்கு?" என்று கேட்டேன்.

"பீடிக்கு இலையை நனைச்சு வச்சுட்டா அன்னைக்கே சுத்தணும் மதினி. மேலுக்கு முடியலன்னு படுத்தா இலை வீணாப்போவும். தினம் உக்காந்து பழகிட்டு."

இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஜூலை 12, புதன்

ரத்தம். கம்பியில், அவள் புடவையில், கிட்டாரின் வயிற்றில். துடைத்தாலும் மரத்தில் கறை நிற்கிறது. என் கிட்டார்!

தம்பி முகம் சுண்டிப்போனான். "போதும்ளா, விட்டுரு. எக்கா, நீயாவது சொல்லு."

சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமா? இப்பதான் விரல் பக்குவப்படுது. எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. தினம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். விடாம வாசிச்சா யாருக்கும் வரும்." என் குரல் எனக்கே இனித்தது. மிஸ்ஸியம்மா பேசுவது போலவே இருந்தது.

ஜா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கத்துக்கிடும்போதும் ரத்தம் வந்துச்சா மதினி?"

"வந்துச்சு."

"நீங்களும் எண்ணெய் தேச்சீங்களா?"

"பின்னே?"

என் இடது கையைப் பார்த்தாள். காய்ப்பை. நான் கையைப் புடவைக்குள் எடுத்துக்கொண்டேன், குளிர் என்பது போல. "சரி மதினி" என்றாள். அவ்வளவுதான்.

அந்த 'சரி' பிடிக்கவில்லை.

ஜூலை 22, சனி

மூன்று நான்கு நாளாக வீட்டில் சத்தமில்லை! சாயங்காலம் நான் வரும்போது கிட்டார் உறைக்குள். அவள் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு கடலை தின்றுகொண்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மங்குஸ்தான் வாங்கி வந்தேன், நல்ல கனம். தம்பிக்கு நானே உடைத்துக் கொடுத்தேன். "எல்லாருக்கும் வராதுடா தம்பி. சில கைக்குச் சில வேலை."

இன்று தூக்கம் வரும்.

ஜூலை 28, வெள்ளி

தலைவலி என்று மதியமே கிளம்பி வந்தேன். நம் வாசலில் நாலைந்து பேர், அருவிக்கு வந்தவர்கள், ஈரத் துண்டோடு நின்றுகொண்டு. யாரோ செத்துப்போனார்களோ என்று பதறிவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல். பெண் குரல். வார்த்தை இல்லை. இழுத்து, வளைத்து, ஏறி, இறங்கி.

"யாரும்மா பாடுதது?" என்றான் ஒருவன்.

பாடவில்லை. கிட்டார். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்கப் போட்டிருந்தாள், பீடிச் சுளகை வைக்கிற மாதிரி. கம்பிகளையும் தன் இஷ்டத்துக்குத் தளர்த்தியிருந்தாள். இடது கையில் விரலுக்குப் பதில் குப்பி. நான் கொடுத்த எண்ணெய்க் குப்பி. அதைக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே போனாள்.

கோயிலில் பாடும் கீர்த்தனைதான். நான் கட்டை கட்டையாக நறுக்கி வாசிப்பேன், சுரத்துக்குச் சுரம் வேலி. இவளுக்கு வேலியே இல்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "விரல் முழுக்கப் புண்ணு மதினி, அமுக்க முடியல. ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. எண்ணெய்க் குப்பி பக்கத்துல இருந்துச்சு, சும்மா வச்சு இழுத்துப் பாத்தேன். அழகா அழுதுச்சு. கம்பி உசரமா இருக்கதுனால பலகையில தட்டவே இல்ல."

நெட்டை எலும்பு. என் குப்பி.

தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது. கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

சாரல் குறைந்திருக்கிறது. வெண்டைக்காய் முற்றல். இன்ஸ்பெக்டர் வருகை தள்ளிப்போனது.

குப்பியை உடைத்துவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மிக் கல்லில், ஒரே போடு. "பூனை தட்டிருச்சு" என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

திரும்பி வந்தவள் சில்லைப் பார்த்தாள். மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வரும்போது முந்தானை நிறையக் குப்பி, கலகலவென்று.

"அருவிக்கரை பூராக் கெடக்கு மதினி. எண்ணெயைத் தேச்சுட்டு எறிஞ்சுட்டுப் போதாங்க. சீசன் முடியுத மட்டும் குப்பிக்குப் பஞ்சமே இல்ல."

ஒவ்வொன்றாகக் கழுவி, கம்பியில் வைத்துப் பார்த்து, ஒரு பச்சைக் குப்பியைத் தேர்ந்தெடுத்தாள். முந்தினதைவிட நல்ல சத்தம். அதையும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

நேற்று ஆராதனைக்குப் பிறகு குட்டை எலும்பையே விட்டு வைத்தேன். குப்பி பலகையில் தட்டட்டும், கரகரக்கட்டும்.

இன்று பள்ளியிலிருந்து வந்தால் நெட்டை மாட்டியிருக்கிறது. குட்டை, என் மேசை மேல், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்து.

காப்பி கொண்டு வந்தாள். தம்பி வீட்டில் இல்லை.

"சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணுன்னு மாத்துதீங்கல்லா, ஆரம்பத்துலேர்ந்தே பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மதினி. குட்டை உங்களுக்கு. எனக்கு உசரமானதே இருக்கட்டும்."

சிரித்தாள். பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது.

தம்பியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், என் பக்கம் நாலு நியாயம் பேசியிருப்பேன். சொல்லாமல் இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள், சாவிக்கொத்தோடு சேர்த்து.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஸ்தோத்திரப் பண்டிகை. நல்ல வெயில்.

பீடத்தைச் சுற்றிப் பூசணி, வாழைத்தார், நெல்மூட்டை, காணிக்கைக் கோழிகள். கோழிகள் பிரசங்கம் முழுக்கக் கத்தின. பிறகு ஜா. வாசித்தாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து. என் நாற்காலியில். மடியில் கிட்டார், கையில் பச்சைக் குப்பி. எனக்குப் பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால் இடம்.

இரண்டாவது அடியில் கோழிகள்கூட அடங்கிவிட்டன, சத்தியமாக. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். தம்பி பகிரங்கமாக அழுதான். என் கண்ணிலும் தண்ணீர், ஆனால் அது வேறு. வயிறு எரிந்தால் கண்ணில்தான் வருகிறது.

போதகர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தப் பெருமை நம்ம லில்லி டீச்சருக்கும் சேரும். அவங்க பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க." கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. சிரித்தேன். தாடை இன்னும் வலிக்கிறது.

மரத்தடியில் காணிக்கைப் பொருள் ஏலம். ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தேன், எதற்கென்று தெரியவில்லை. வரும் வழியில் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

"அவ விரல்லயா வாசிச்சா? குப்பியாம்லா!" "லில்லி டீச்சரு இத்தனை வருசமா வாசிச்சது என்னது அப்போ?" "அது சும்மா டிங் டிங்." பஸ்ஸில் முன் சீட்டில். நான் பின்னால் இருப்பது தெரிந்தே பேசினார்களோ என்னவோ.

செப்டம்பர் 6, புதன்

இனி ஞாயிறுதோறும் ஜா. வாசிக்கட்டும் என்று போதகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டீச்சருக்கும் ஓய்வு வேண்டுமாம். ஓய்வு! நான் கேட்டேனா?

பூகோள நோட்டு ஒரு கட்டு திருத்தினேன். முக்கால்வாசிப் பேருக்குப் பூஜ்யம்.

செப்டம்பர் 9, சனி

மழை இல்லை. அருவி நூலாகிவிட்டது. கடைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜா.வும் தம்பியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் படுக்கப் போட்டேன். பச்சைக் குப்பி. பீடிக்காரி செய்வது எனக்கு வராதா? இழுத்தேன். வாலை மிதித்த பூனை. மறுபடி இழுத்தேன். சுரம் எங்கே நிற்கிறது என்றே பிடிபடவில்லை. வேர்த்துவிட்டது. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, கதவு திறந்தது தெரியவில்லை.

இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "எக்கா, நீயும் கத்துக்கிடுதியா? கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரும் சேந்து வாசிக்கலாம்லா! ஜாய்ஸு, அக்காவுக்குச் சொல்லிக் குடு."

ஜா. பையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இருபது வருஷக் காய்ப்பு.

"இதுதான் மதினி சங்கதி. விரல் இப்பிடிக் கல்லா இருந்தா குப்பி பேசாது. பட்டு மாதிரி ஆகணும்." என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ராத்திரி தேங்காய் எண்ணெய் தேச்சுட்டுப் படுங்க. காலையில அருவியில ஊற வைங்க. தண்ணி கொஞ்சமா விழுந்தாலும் போதும்."

பொய். பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பொய் என்று எப்படிச் சொல்ல? இந்த வீட்டில் அதை முதலில் சொன்னது யார்?

"நீதானக்கா அவளுக்கு இதைச் சொல்லிக் குடுத்தே!" என்று தம்பி சிரித்தான்.

அவள் அடுக்களைக்குப் போய் எண்ணெய் கொண்டு வந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. பெருவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல்வரை, அவசரமே இல்லாமல், அழுத்தித் தேய்த்துவிட்டாள். அந்தக் கைக்குப் பிறகு இந்தக் கை. அவள் விரல்கள்தான் எத்தனை மெத்தென்று இருக்கின்றன.

"தினம் நானே தேச்சு விடுதேன் மதினி. தினம் ஒரு மணி நேரம் வாசிங்க, ஒரு நாளும் விடாதீங்க. விடாம வாசிச்சா யாருக்கும் வரும்."

கழுவ எழுந்தேன். "கழுவிராதீங்க, ஊறட்டும்" என்றாள் தம்பிக்குக் கேட்கும்படி. உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் நிறைய எழுத வேண்டும். பேனா வழுக்குகிறது.